கந்தசாமி அமாவாசையில் அடுப்பு மூட்டினார்

ஆரணியில் கமண்டல நாக நதிக்குப் போகும் தெரு ஒன்றின் கடைசியில் கந்தசாமியின் சாயப்பட்டறை இருக்கிறது. தகரக் கூரை போட்ட நீளமான கொட்டகை. உள்ளே விறகு அடுப்புகள், அவற்றின் மேல் செம்பு அண்டாக்கள். நனைந்த நூலை மாட்டி முறுக்கிப் பிழிய ஒரு கல்தூண். பின்னால், வெயில் நேராக விழாத இடத்தில், நூல் உலர்த்தும் மூங்கில்கள். நெசவாளர்கள் கொடுத்துவிட்டுப் போகும் கச்சாப் பட்டின் பசையை நீக்கி, கேட்ட நிறத்தை ஏற்றித் திருப்பிக் கொடுப்பது அவர் தொழில். வயது அறுபதைத் தாண்டிவிட்டது. பட்டறைக்கு எதிர்வீட்டில் பிறந்தார். அந்த வீட்டில்தான் இன்றும் இருக்கிறார்.

அப்பா படுத்த படுக்கையானபோது, இருபது வயதுகூட நிரம்பாத கந்தசாமியின் கைக்குப் பட்டறை வந்தது. அதுவரை விறகு தள்ளவும் தண்ணீர் இறைக்கவும் மட்டுமே அவருக்குத் தெரியும். முதல் மாதமே ஒரு கல்யாணப் புடவைக்கான அரக்கு நூல் திட்டுத்திட்டாகப் போயிற்று. நெசவாளர் அதை வாசலிலேயே போட்டுவிட்டுப் போனார். கந்தசாமி அந்த நூலை எடுத்து வைத்துக்கொண்டு காரணம் தேடினார். தீ அதிகமாகிப் பொங்கியதா, சோப்பு குறைந்ததா, கோலில் மாட்டிய நூலைத் திருப்பாமல் விட்டோமா என்று ஒவ்வொன்றாகச் செய்து பார்த்தார். எதுவும் ஒத்துவரவில்லை. பிறகுதான் நினைவு வந்தது: அன்று கிணறு வற்றியிருந்ததால் பக்கத்துத் தெரு ஆழ்துளைக் கிணற்றிலிருந்து தண்ணீர் கொண்டுவந்திருந்தார். அந்தத் தண்ணீரில் சோப்பு நுரைக்கவில்லை. திரிந்து ஏடு போல மிதந்து நூலில் ஒட்டிக்கொண்டது. ஒட்டிய இடத்தில் சாயம் பிடிக்கவில்லை.

அதன்பிறகு எந்த நூலை அண்டாவில் போடுவதற்கு முன்னும் தண்ணீரை வாயில் வைத்துப் பார்ப்பது அவர் வழக்கமாயிற்று.

ஆற்றங்கரையில் இரண்டு வகைத் தண்ணீர் உண்டு. மேலே மணலில் நிற்பது ஆறு கொடுத்த தண்ணீர், நாக்குக்கு மெதுவானது, பட்டுக்கு ஏற்றது. பாறைக்குள் ஆழத்தில் இருப்பது உப்புத் தண்ணீர். மேல் தண்ணீர் குறையும்போது ஆழமாகத் துளைக்கத் தோன்றும். ஆனால் துளைத்தவருக்கு உப்புத் தண்ணீர் வருவதோடு கேடு நிற்காது. அந்தத் துளை வழியே மேலே மணலில் இருக்கும் நல்ல தண்ணீரும் கீழே இறங்கிவிடும். அக்கம்பக்கத்தாரும் துளைத்தாக வேண்டும். இரண்டு தெரு தள்ளி அப்படி நடந்ததைக் கந்தசாமி பார்த்திருக்கிறார். அங்கே இருந்த பட்டறைகள் இப்போது டேங்கர் லாரிக்குக் காத்திருக்கின்றன. அவருடைய திறந்த கிணறு வற்றியபின் அவரும் குழாய் இறக்கினார். பாறை தொடும் இடத்தில் நிறுத்திக்கொண்டார். தெருவில் மற்றவர்களும் அப்படியே நிறுத்தினார்கள். யாராவது ஒருவர் கீழே போனால் அந்தக் கட்டுப்பாடு அன்றோடு போயிற்று.

அவர் மனைவி கமலம் போளூர்ப் பக்கத்துப் பெண். சாயம் ஏறிய நூலை அலசி எடுப்பதில் அவரைப் போல ஆள் இல்லை என்று தெருவே சொல்லும். மூன்று வருடங்களுக்கு முன் காய்ச்சலில் இறந்துபோனார். மகன் விக்னேஷ் ஊருக்குள் புடவைக் கடை வைத்திருக்கிறான். வீட்டைப் பார்த்துக்கொள்வது மருமகள் ஸ்வர்ணலதா.

கந்தசாமியைப் பற்றிச் சொல்லும்போது அமாவாசையைச் சொல்லாமல் விட முடியாது. அமாவாசை அன்று தறி ஓடாது, சாய அடுப்பு எரியாது என்பது நெசவுத் தெருக்களின் வழக்கம். முன்பெல்லாம் சிலர் அவசரத்துக்கு அரை நாள் வேலை செய்து மறைத்துக்கொண்டதுண்டு. கந்தசாமி முந்தின நாள் சாயங்காலமே அண்டாக்களைத் தேய்த்துக் கழுவிக் கவிழ்த்துவிடுவார். ஒருமுறை ஒரு பெரிய வியாபாரி காரிலேயே வந்து கெஞ்சியும் நிமிர்த்தவில்லை. “இந்த மனுசனுக்கு அமாவாசைன்னா கலெக்டர் ஆர்டர் மாதிரி” என்று கமலம் சிரிப்பார்.

அந்தப் பிடிவாதம்தான் அவரை மூன்று ஊர்ப் பேச்சுக்குள் கொண்டுபோய் நிறுத்தியது.

ஆற்றின் மேற்பகுதியில் நாவல்பாடி ஊராட்சி, நடுவில் நகரம், கீழே குருவிக்குப்பம் ஊராட்சி. மூன்றுக்கும் குடிநீர்க் கிணறு ஆற்று மணலில்தான். மணல் ஒன்றே, தண்ணீரும் ஒன்றே. ஆனால் ஒவ்வொரு கோடையிலும் கீழே இருப்பவர்கள் மேலே இருப்பவர்களைத் திட்டினார்கள். மேலே இருப்பவர்கள் நகரத்துச் சாயப்பட்டறைகளைக் காட்டினார்கள். குருவிக்குப்பத்துப் பெண்கள் காலிக் குடங்களோடு பஸ் மறித்த வருடத்துக்கு அடுத்த வருடம், நகராட்சிப் பொறியாளர் சத்யப்ரியா இரண்டு ஊராட்சித் தலைவர்களையும் கூப்பிட்டு உட்காரவைத்தார். சாயக்காரர்கள் சார்பில் கந்தசாமி போனார்.

சத்யப்ரியா சொன்னது எல்லாருக்கும் புரிந்தது. “மோட்டார் ஓடறப்போ அளந்தா கிணத்துல எவ்ளோ தண்ணி இருக்குன்னு தெரியாதுங்க. மோட்டார் எவ்ளோ இழுக்குதுன்னுதான் தெரியும். மாசத்துல ஒரு நாள் மூணு ஊர்லயும் எல்லா மோட்டாரையும் நிறுத்தணும். ராத்திரி முழுக்கத் தண்ணி ஊறி ஒரு நிலைக்கு வரும். மறுநாள் காலைல மூணு கிணத்தையும் ஒண்ணா அளக்கலாம். அந்த அளவை வெச்சு அந்த மாசம் யார் எவ்ளோ நேரம் ஓட்டறதுன்னு பேசிக்கலாம்.”

குருவிக்குப்பம் தலைவர் பாலமுருகன் நாற்காலியில் சாய்ந்துகொண்டார். “நாங்க நிறுத்துவோம் மேடம். டவுன்ல சாயப்பட்டறை ஒவ்வொண்ணுலயும் ஒரு போர் போட்டு வெச்சிருக்காங்களே, அவங்க நிறுத்துவாங்களா? ஒருத்தன் சுவிட்ச் போட்டாலும் அளவு பொய்யாப் பூடும். எவன் போயி ராவும் பகலும் காவல் காக்கறது?”

கந்தசாமி எழுந்து நின்றார். “அமாவாசை அன்னிக்கு வெச்சுக்கங்க. அன்னிக்கு எங்க தெருவுல ஒரு அடுப்பு எரியாது. காவலும் வேணாம், பூட்டும் வேணாம். இது எங்க பாட்டன் காலத்துலேர்ந்து இருக்கற கட்டுப்பாடு.”

கூட்டத்தில் எல்லாருக்கும் அது பிடித்துப்போயிற்று. நாவல்பாடித் தலைவர் கன்னியம்மாள் மட்டும், “அமாவாசையா?” என்றார். “முந்தின நாளே டேங்க்ல ரொப்பி வெச்சுக்கலாம்மா” என்று யாரோ சொன்னார்கள். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

மாசி அமாவாசையில் தொடங்கினார்கள். மணி கட்டிய அளவு நாடாவைக் கிணற்றுக்குள் இறக்கி, தண்ணீரைத் தொடும் சத்தம் கேட்டதும் நிறுத்தி, சத்யப்ரியா அளவைச் சத்தமாகச் சொல்வார். மூன்று ஊர்க்காரர்களும் கேட்டுக்கொண்டு நிற்பார்கள். சித்திரையில் நாவல்பாடியின் நேரம் குறைந்தது. வைகாசியில் நகரத்தின் நேரம் குறைந்தது, சாயப்பட்டறைகளும் குறைத்துக்கொண்டன. முணுமுணுப்பு இருந்தது, ஆனால் அந்தக் கோடையில் சாலைக்கு யாரும் குடத்தோடு வரவில்லை. கந்தசாமியின் குழாயில் தண்ணீருக்குப் பதில் காற்று வரவில்லை. அவருக்குப் பங்காளி முறையில் தம்பியாகும் ஜெயச்சந்திரன், மூன்று வீடு தள்ளிப் பட்டறை வைத்திருப்பவர், தெருவில் எதிர்ப்படும்போதெல்லாம், “அண்ணன் அமாவாசைய வெச்சே மூணு ஊரையும் கட்டிப்புட்டாரு” என்பார். கிண்டல்தான். ஆனாலும் கந்தசாமிக்கு அது கசக்கவில்லை.

ஆடி அமாவாசை வந்தது. மறுநாள் காலையில் நாவல்பாடிக் கிணற்றில் நாடா இறங்கியது. மற்ற மாதங்களில் மணி அடிக்கும் இடத்தைத் தாண்டியும் இறங்கிக்கொண்டே போயிற்று. பாலமுருகன் கிணற்று விளிம்பில் கை ஊன்றி உள்ளே எட்டிப் பார்த்தார்.

“மேடம், தண்ணிக்கு மேல அந்த சிமெண்டு உறையைப் பாருங்க. ஈரம் காயவே இல்ல. நேத்து தண்ணி அங்க நின்னிருக்குது. யாரோ இழுத்திருக்காங்க.”

மோட்டார் ஆபரேட்டர் தரையைப் பார்த்தார். கன்னியம்மாள் முன்னால் வந்தார். “அவரைப் பாக்காதீங்க. நான்தான் போட்டேன்.”

“எவ்ளோ நேரம்?” என்று கேட்டார் சத்யப்ரியா.

“டேங்க் ரொம்பற வரைக்கும்.”

பாலமுருகன் நாடாவின் சுற்றுக் கட்டையைக் கீழே வைத்துவிட்டார். “எங்க ஊர்லயும் ஆடி அமாவாசைதான். எங்க பொம்பளைங்க நேத்து ஒரு வாளித் தண்ணிக்கு ஒருத்தர ஒருத்தர் திட்டிகினு நின்னாங்க. நான் போடல. போட்டிருந்தா நல்லவனா இருந்திருப்பேன். இனிமே எங்க மோட்டார் எங்க இஷ்டம்.” பைக்கை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

அன்று குருவிக்குப்பத்துக் கிணற்றை யாரும் அளக்கவில்லை.

கந்தசாமி தெருவுக்குத் திரும்புவதற்குள் செய்தி வந்து சேர்ந்திருந்தது. ஜெயச்சந்திரன் பட்டறை வாசலிலேயே நிறுத்தினார். “முடிஞ்சுதா உங்க மூணு ஊர் சமாசாரம்? ஆவணி முகூர்த்தத்துக்கு நூல் மலையாட்டம் கெடக்குது. இனிமே அவனவன் ராவெல்லாம் இழுக்கப் போறான். நான் போர் வண்டிக்குச் சொல்லிட்டேண்ணா. அடுத்த அமாவாசை கழிஞ்சு வர்றேன்னிருக்கான்.”

“எவ்ளோ ஆழம்?”

“தண்ணி வர்ற வரைக்கும்.”

“நீ போட்டா நான் போடணும். நான் போட்டா எல்லாரும் போடணும். அப்புறம் இந்தத் தெருவுல பட்டுச் சாயம் போட முடியாதுடா.”

“அதைப் போயி நாவல்பாடிக்காரம்மா கிட்ட சொல்லுங்க.”

மறுநாள் கந்தசாமி மொபெட்டில் நாவல்பாடிக்குப் போனார். திட்டத்தான் போனார். கன்னியம்மாள் வீட்டு முற்றத்தில் உட்கார்ந்து விதைக்கடலை உரித்துக்கொண்டிருந்தார்.

“வாங்கண்ணா. திட்டத்தானே வந்திருக்கீங்க? உக்காந்துகினு திட்டுங்க. நின்னுகினு திட்டினா கால் வலிக்கும்.”

கந்தசாமி உட்கார்ந்தார். “தலைவரம்மா, ஒரே ஒரு நாள். ஒரு டேங்க் தண்ணி பத்தலையா?”

“மத்த மாசம் பத்துச்சு. ஆடிக்கு வெளியூர்ல வேலை செய்யறவனெல்லாம் ஊட்டுக்கு வந்துடறான். ஆத்துல தண்ணி இருந்தா ஆத்துல முழுவுவான். ஆறு காஞ்சு கெடக்குது. எல்லாம் கொழாய்லதான். வெயில் ஏர்றதுக்குள்ள டேங்க் காலி. ஜனங்க வந்து கத்தனாங்க. கத்தறவங்களுக்கு நான் பதில் சொல்லிக்குவேன். அப்புறம் அமலான்னு ஒரு பொண்ணு வந்துச்சு. புருசன் போயி வருசம் திரும்பல. மொத ஆடி அமாவாசை. அரிசி களையத் தண்ணி இல்ல. ஒண்ணும் கேக்கல. கொடத்த இடுப்புல வெச்சுகினு வாசல்ல நின்னுகினு இருந்துச்சு. போன்னு சொல்ல எனக்கு வாய் வரல.”

கந்தசாமி ஒரு கடலையை எடுத்துக் கையில் உருட்டினார். கன்னியம்மாள் கை உரிப்பதை நிறுத்தவில்லை.

“தப்புதாண்ணா. பாலமுருகன் கேட்டது நியாயம். ஆனா ஒண்ணு சொல்றேன். உங்களுக்கு அமாவாசைன்னா தொழில் நிக்கிற நாளு. எங்களுக்கு அடுப்பே நிக்காத நாளு. அன்னிக்குக் கூட்டத்துலயே சொல்ல வாயெடுத்தேன். நீங்க அவ்ளோ பெருமையா சொன்னீங்க, எல்லா ஆம்பளையும் தலையாட்டினீங்க.”

“நாங்களும் படையல் போடறோம்மா. எங்க ஊட்லயும் தண்ணி செலவாகுது. சமாளிக்கலையா?”

“யார் சமாளிச்சாங்கன்னு ஊட்ல போயி கேளுங்க.”

திட்ட வந்தவர் தேநீர் குடித்துவிட்டுத் திரும்பினார். வழியெல்லாம் கன்னியம்மாள் மேல் கோபமாகவே இருந்தது. வீட்டுக்கு வந்து, சாப்பாடு பரிமாறிக்கொண்டிருந்த ஸ்வர்ணலதாவிடம் ஏதோ சாதாரணமாகக் கேட்பது போலக் கேட்டார்.

“ஏம்மா, அமாவாசை அன்னிக்குத் தண்ணிக்கு இன்னா பண்ற?”

ஸ்வர்ணலதா கரண்டியை வைத்துவிட்டு அவரைப் பார்த்தாள். “இன்னா மாமா, ஆறு மாசம் கழிச்சுக் கேக்கறீங்க?”

“சும்மாதான் கேக்கறேன்.”

“முந்தின நாள் சாயங்காலமே இருக்கற பாத்திரத்துல எல்லாம் புடிச்சு வெப்பேன். உங்க பட்டறை அண்டாவை நீங்க கவுத்து வெக்கறப்போ, ரெண்டைக் குடுத்தா நான் ரொப்பி வெப்பேனேன்னு தோணும். சாமி காரியமாச்சேன்னு கேக்கல. இந்த ஆடிக்குப் புடிச்சதும் பத்தல. பக்கத்து ஊட்லயும் இல்ல.” தண்ணீர்ச் சொம்பை அவர் பக்கம் நகர்த்திவிட்டுச் சொன்னாள்: “அத்தைக்குப் படைச்ச சாதம் கேன் தண்ணில வடிச்சது மாமா.”

“கேன் தண்ணிலயா?”

“கடையில ரெண்டு கேன் வாங்கியாரச் சொன்னேன். உங்களுக்குத் தெரிஞ்சா மனசு கஷ்டப்படுவீங்கன்னு சொல்லல.”

“கூட்டத்துல அமாவாசைன்னு வெச்சது தப்புன்னு எங்கிட்டயாவது சொல்லியிருக்கலாமே.”

“மூணு ஊர் பெரியவங்க உக்காந்து முடிவு பண்ணது. அதுல நான் எங்க வர்றது?”

கமலம் உயிரோடு இருந்தபோது சோறு வடிக்கக் கேன் தண்ணீரை வீட்டுக்குள் விட்டதில்லை. கந்தசாமி தட்டில் இருந்ததைச் சாப்பிட்டு முடித்தார். கை கழுவத் தண்ணீர் ஊற்றிக்கொள்ளும்போது சொம்பைப் பாதியிலேயே நிறுத்தினார்.

மறுநாள் காலையில் சத்யப்ரியாவுக்குப் போன் செய்தார். “மேடம், நாள் பார்த்ததுல தப்பு. நான் சொன்னதுதான். எங்க பட்டறைய மட்டும் மனசுல வெச்சுகினு சொல்லிட்டேன். அமாவாசை வேணாம். அமாவாசைக்கு அடுத்து வர்ற செவ்வாக்கெழமை வெச்சுக்கலாம். செவ்வாய்ல யார் ஊட்லயும் விசேசம் இருக்காது, விருந்தாளியும் வரமாட்டான்.”

“செவ்வாய் சரிங்க. ஆனா அது உங்களுக்கு வேலை நாள். அன்னிக்கு உங்க தெரு நிக்குமா?”

“கேட்டுட்டு சொல்றேன்.”

அவர் பாலமுருகனையும் போய்ப் பார்த்தார். பாலமுருகன் நிற்கவைத்தே பேசினார். “ஒரே ஒரு தடவை பாக்கறேன். நாவல்பாடிக் கிணத்த எங்க ஆளுங்க அளக்கட்டும், எங்க கிணத்த அந்தம்மா வந்து அளக்கட்டும். டவுன் கிணத்துக்கு ரெண்டு பேரும் வருவோம். உங்க தெருவுல ஒரு மோட்டார் சத்தம் கேட்டாலும் நான் பைக்கத் திருப்பிடுவேன்.”

சாயக்காரர்கள் ஜெயச்சந்திரனின் பட்டறையில் கூடினார்கள். கந்தசாமி செவ்வாய்க்கிழமையைச் சொன்னதும் சத்தம் எழுந்தது.

“அமாவாசைக்கு ஒரு நாள், செவ்வாய்க்கு ஒரு நாள். மாசத்துல ரெண்டு நாள் அடுப்ப அணைச்சுட்டுப் பட்டறையில ஈ ஓட்டிகினு இருக்கறதா?” என்றார் ஒருவர்.

“நம்ம நூலு லேட்டானா பாவு போடறவன் சும்மா உக்காருவான், நெய்யறவன் சும்மா உக்காருவான். பேஜாரு பண்ணாதீங்கண்ணா” என்றார் இன்னொருவர்.

கந்தசாமி எல்லாரும் ஓயும் வரை இருந்தார். “ரெண்டு நாள் வேணாம். ஒரு நாள்தான். செவ்வாய்ல நிறுத்துவோம். அமாவாசையில வேலை செய்வோம்.”

அதைச் சொன்னவர் வேறு யாராவது என்றால் அடித்திருப்பார்கள்.

ஜெயச்சந்திரன்தான் முதலில் வாய் திறந்தார். “நீங்களா இதைப் பேசறது? அமாவாசையில கறிவேப்பிலை ஈர்க்குக்கூட எரிக்க மாட்டீங்களே. நம்ம தெருவுல ஒருத்தன் மறைவா அடுப்பு மூட்டினான்னு ஆறு மாசம் அவங்கூடப் பேசாத ஆளு நீங்க.”

“நான்தான்.”

“அப்ப நீங்க மொதல்ல மூட்டுங்க. பாக்கலாம்.”

“மூட்டறேன். நீ போர் வண்டிய அதுவரைக்கும் நிறுத்தி வையி.”

“செவ்வாக்கெழமை வரைக்கும். வியாழக்கெழமை வண்டி வந்துடும்.”

அடுத்து வந்த நாட்களில் கந்தசாமி யாரோடும் அதிகம் பேசவில்லை. விக்னேஷ், “அப்பா, ஊரே உங்களப் பேசுது, இது தேவையா?” என்று கேட்டான். ஸ்வர்ணலதா கேட்கவில்லை. அமாவாசைக்கு முந்தின சாயங்காலம் கந்தசாமி வழக்கம் போல அண்டாக்களைத் தேய்த்துக் கழுவினார். கவிழ்க்கவில்லை. வேலையாட்களிடம், “நாளைக்கு வர்றவங்க வாங்க, மனசு வராதவங்க வர வேணாம்” என்றார். ஒருவரும் வருவதாகச் சொல்லவில்லை.

ஆவணி அமாவாசை காலையில் குழாயில் தண்ணீர் வந்தது. மூன்று ஊரிலும் மோட்டார்கள் ஓடிக்கொண்டிருந்தன. ஸ்வர்ணலதா அவசரமில்லாமல் வீடு கழுவி, தலை முழுகி, சமைத்தாள். கந்தசாமி கமலத்துக்கும் தன் அப்பாவுக்கும் இலை போட்டுக் கற்பூரம் காட்டினார். காக்கைக்கு வைத்துவிட்டு வந்து சாப்பிட்டார். பிறகு வேட்டியை மாற்றிக்கொண்டு, தெருவைக் கடந்து, பட்டறைக்குப் போனார்.

அண்டாவில் தண்ணீர் விட்டு, ஒரு கை அள்ளி வாயில் வைத்துப் பார்த்தார். விறகு அடுக்கினார். தீக்குச்சி கிழித்தபின் அது விரல் வரை எரிந்து அணைந்தது. இரண்டாவது குச்சியைக் கிழித்து விறகுக்குள் வைத்தார்.

அமாவாசையில் அந்தத் தெருவில் புகை எழுந்ததைப் பார்த்து எதிர்வரிசைப் பெண்கள் வெளியே வந்தார்கள். ஒரு கிழவர், “கந்தசாமி, உங்க அப்பன் பாத்துகினு இருக்கறான்டா” என்று தெருவிலிருந்தே சொல்லிவிட்டுப் போனார். கந்தசாமி தலையைத் தூக்கவில்லை. சோப்பு கரைந்து நுரை எழுந்தது. நூலைக் கோலில் மாட்டி இறக்கினார், தனியாகவே திருப்பினார். நாற்பது வருடத்துக்கு மேலாகச் செய்யும் வேலை அன்று கைக்குப் புதிதாக இருந்தது. ஒரு நூல் கழி கோலிலிருந்து நழுவி அண்டாவின் அடியில் போயிற்று.

ஜெயச்சந்திரன் வாசலில் வந்து நின்றார்.

“நெஜமாவே மூட்டிட்டீங்களே.”

“மூட்டறேன்னு சொன்னேனே.”

“அண்ணி இருந்தா விட்டிருக்குமா?”

கந்தசாமி கோலைத் திருப்பிவிட்டுச் சொன்னார்: “ஆடியில அவளுக்குக் கேன் தண்ணில வடிச்ச சோத்தப் போட்டேன். இன்னிக்கு ஆத்துத் தண்ணில வடிச்சுப் போட்டேன். இதுக்கு அவ இன்னா சொல்வாளோ, நான் கேட்டுக்கறேன்.”

ஜெயச்சந்திரன் உள்ளே வந்து, அடியில் போன கழியை வேறொரு கோலால் தூக்கிக் கொடுத்தார். பிறகு போய்விட்டார்.

மாலைக்குள் தெருவில் இன்னும் சில கூரைகளிலிருந்து புகை வந்தது. எல்லாரிடமிருந்தும் வரவில்லை. ஜெயச்சந்திரன் பட்டறையில் அடுப்பு மூட்டவில்லை. மறுநாள் ஒரு நெசவாளர் வந்து தன் நூலைப் பார்த்தார். நிறம் சரியாக இருந்தது, திட்டு இல்லை. “கல்யாணப் பொடவைண்ணா. அமாவாசையில சாயம் போட்டதுன்னு பொண்ணு ஊட்டுக்குத் தெரிஞ்சா ஏத்துக்க மாட்டாங்க” என்றார். கந்தசாமி வேறு நூல் போட்டுத் தருவதாகச் சொன்னார். அவர் தலையாட்டிவிட்டுப் போனார். அதன்பிறகு அந்த வீட்டு நூல் கந்தசாமியிடம் வரவில்லை.

செவ்வாய்க்கிழமை காலையில் கந்தசாமி தெருவின் இந்த முனையிலிருந்து அந்த முனை வரை நடந்தார். மோட்டார் சத்தம் எங்கும் இல்லை. ஜெயச்சந்திரன் வாசலில் செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தார். அவருடைய அடுப்பும் அணைந்திருந்தது.

“அமாவாசையிலயும் மூட்டல, இன்னிக்கும் நிறுத்திட்ட. ரெண்டு நாள் போச்சேடா.”

“எனக்கு அமாவாசையில அடுப்பு மூட்டக் கை வரலண்ணா. அதுக்காக இன்னிக்கு ஓட்ட முடியுமா? ஓட்டினா அந்தக் குருவிக்குப்பத்தான் பைக்கத் திருப்பிடுவான்.” செய்தித்தாளைப் புரட்டினார். “அளந்து வாங்க. அப்புறம் பேசிக்கலாம்.”

புதன்கிழமை காலையில் அளந்தார்கள். நாவல்பாடிக் கிணற்றில் பாலமுருகன் நாடாவை இறக்கினார். உறையில் கையை விட்டு ஈரம் தடவிப் பார்த்தார். காய்ந்திருந்தது. அடுத்த கிணற்றுக்கு வண்டியை எடுத்தார். குருவிக்குப்பத்தில் கன்னியம்மாள் இறக்கினார். மணிச் சத்தம் சரியாகக் கேட்கவில்லை என்று இரண்டாம் முறையும் இறக்கினார். “இன்னாம்மா, எங்க கிணத்துல சந்தேகமா?” என்றார் பாலமுருகன். “உங்க கிணத்துல இல்லண்ணா, என் காதுல” என்றார் கன்னியம்மாள். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். பாலமுருகனும் சிரித்துவிட்டார்.

கடைசியாக நகரத்துக் கிணறு. சத்யப்ரியா மூன்று அளவுகளையும் சேர்த்து வைத்துப் பார்த்தார். ஆடியில் அளந்து முடிக்காமல் விட்டதாலும், அதன்பின் மூன்று ஊரும் இஷ்டத்துக்கு ஓட்டியதாலும் மணலில் இருந்த தண்ணீர் எல்லாரும் நினைத்ததைவிடக் கீழே போயிருந்தது. மூன்று ஊரும் குறைக்க வேண்டும். நகரம் அதிகமாகக் குறைக்க வேண்டும். சாயப்பட்டறைகளுக்கு மழை வரும் வரை தினமும் ஒரு மணி நேரம் போகும்.

“முகூர்த்த நேரம், தெரியுதுங்க” என்றார் சத்யப்ரியா. “கூட்டிக் கொறச்சுச் சொல்ல முடியாது. அளவு இதுதான்.”

“நான் சொல்லிக்கறேன் மேடம்” என்றார் கந்தசாமி.

கன்னியம்மாள் அவரைப் பார்த்து, “வரட்டுமாண்ணா?” என்று கேட்டார். “உங்க ஆளுங்க கிட்ட நானும் ஒரு வார்த்தை சொல்றேன்.” கந்தசாமி வேண்டாம் என்று தலையை ஆட்டினார்.

தெருவுக்கு வந்ததும் முதல் பட்டறைக்குப் போகாமல் நேராக ஜெயச்சந்திரனிடம் போனார். ஜெயச்சந்திரன் நீல நூலைக் கல்தூணில் மாட்டி முறுக்கிக்கொண்டிருந்தார்.

“தினம் ஒரு மணி நேரம் கொறையுது. மழை வர்ற வரைக்கும்.”

“நமக்கா?”

“நமக்குத்தான் ஜாஸ்தி. அவங்களுக்கும் இருக்குது.”

ஜெயச்சந்திரன் முறுக்கிய நூலை விடவில்லை. நீலத் தண்ணீர் சொட்டுவது நின்றதும், முறுக்கம் தளராமல் இருக்கிறதா என்று பார்த்தபின் மெல்லக் கழற்றினார்.

“அளவு நெஜந்தானா? அந்தம்மா பக்கம் மோட்டார் போடலையே?”

“பாலமுருகனே கைய விட்டுப் பாத்தான். காஞ்சிருந்துச்சு.”

“காலையில எடுக்கறாங்களா, சாயங்காலத்துலயா?”

“நம்மளையே சொல்லச் சொன்னாங்க.”

“சாயங்காலத்துல எடுத்துக்கட்டும். காலைத் தண்ணியத் தொடக் கூடாது.” கையைத் துடைத்துக்கொண்டு சட்டைப் பையிலிருந்து போனை எடுத்தார். விரலெல்லாம் நீலம். “இருங்க, அந்தப் போர் வண்டிக்காரன் நாளைக்கு விடியக்காலைலயே கெளம்பிடுவான். வேணாம்னு ஜல்தியா சொல்லிடறேன்.”

அவர் போனில் பேசத் தொடங்கினார். கந்தசாமி அடுத்த பட்டறைக்குச் சொல்ல நடந்தார்.